மெஷினின் விலை எத்தனை மீட்டர்?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே, இரண்டு வருடமாகத் துணிக்கான டிசைன்களை நானே வரைந்து, வெளியே கொடுத்துப் பருத்தியில் பிரின்ட் போட்டு விற்கிறேன். மாதம் சராசரியாக 40 மீட்டர் போகிறது. ஒரு மீட்டரின் விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொண்டால், துணியும் பிரின்ட் கூலியுமாக 62 போய்விடுகிறது. சின்ன டிஜிட்டல் பிரின்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 300 மீட்டர் விற்றால் வரும் பணம்தான் அதன் விலை. சேமிப்பு முழுவதையும் எடுத்தால் பாதி தேறும், மீதிக்குக் கடன். சொந்தமாக அடித்தால் மீட்டருக்கு 45தான் ஆகும் என்கிறார் மெஷின் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

மெஷின் விலை 300 மீட்டர் என்கிறீர்களே, அங்கேதான் கணக்கு வழுக்குகிறது. விற்ற பணம் முழுவதும் மெஷினுக்கு வராது. மிச்சமாவது மட்டும்தான் வரும். வெளியே அடிப்பதற்கும் வீட்டில் அடிப்பதற்கும் வித்தியாசம் மீட்டருக்கு 17. மெஷின் 30,000. வகுத்தால் சுமார் 1,765 மீட்டர். மாதம் 40 வீதம் 44 மாதம். இதில் வட்டி சேர்க்கவில்லை, பராமரிப்பும் சேர்க்கவில்லை. மாதம் மூன்று மீட்டர் விற்ற காசு, அதாவது 300, பராமரிப்புக்குப் போகிறது என்று வையுங்கள். 40 மீட்டருக்கு 17 வீதம் மாதம் 680ஆக இருந்த மிச்சம் 380 ஆகிவிடும். 79 மாதம்! ஆறரை வருடம். உங்கள் உழைப்புக்குக் கூலி இன்னும் போடவே இல்லை.

அந்த 45ஐயும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பருத்தியில் ரியாக்டிவ் இங்க், அதாவது நூலிழையோடு வேதியியல் முறையில் பிணையும் சாயம், அடிப்பதாக இருந்தால், பிரின்ட் என்பது நடுவில் வரும் ஒரு வேலைதான். அதற்கு முன்னால் சோடா, யூரியா, கெட்டிப்படுத்தும் பசை எல்லாம் ஏற்றிய துணி வேண்டும். அடித்த பிறகு சுமார் 100 டிகிரி நீராவியில் சில நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒட்டாத சாயம் போகும்வரை அலச வேண்டும். இந்த நீர், நீராவி, வீணாகும் துண்டுகள் எல்லாம் அந்த 45க்குள் இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். பிக்மென்ட் இங்க், அதாவது துணியின் மேலே ஒட்டி நிற்கும் நிறம், என்றால் நீராவி வேண்டாம், சூட்டில் பதிய வைத்தால் போதும். ஆனால் துணி சற்று விறைப்பாகும், தேய்த்தால் சாயம் விடும் வாய்ப்பும் கூடுதல். விலை குறைவு என்று சப்ளிமேஷன் மெஷின், அதாவது சூட்டில் சாயத்தை ஆவியாக்கிப் பதிக்கும் மெஷின், பக்கம் போய்விடாதீர்கள். அது பாலியஸ்டருக்கானது. வெறும் பருத்தியில் அந்தச் சாயம் பிடிக்காது.

இன்னொன்று, 40 மீட்டர் என்பது ஒரு மெஷினுக்கு ஓரிரு நாள் வேலை. மீதி நாளெல்லாம் அது சும்மா நிற்கும், நிற்கும்போதும் தின்னும். மாடு வாங்கினால் கறக்காத நாளிலும் தீனி போட்டாகத்தானே வேண்டும்? என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் மூன்று வாரம் மெஷினை அணைத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்து அடித்தால், நீலம் நிரம்ப வேண்டிய இடத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். இங்க் தெளிக்கும் ஹெட்டில் இங்க் காய்ந்துவிட்டது. சுத்தம் செய்யவே பாதி நீல இங்க் போயிற்று.

மெஷின் வாங்காமலே அந்த 62ஐக் குறைக்க முடியும். எந்த டிசைன் எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று இரண்டு வருடக் கணக்கை எடுங்கள். இரண்டு மூன்று நிறத்தோடு மாதாமாதம் ஓடுகிற டிசைன் ஒன்றாவது இருந்தால், அதை ஸ்கிரீன் பிரின்டிங்குக்கு, அதாவது சட்டத்தில் கட்டிய வலை வழியே சாயத்தைத் தள்ளி அடிக்கும் முறைக்கு, மாற்றக் கேளுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அந்தச் செலவு முதலிலேயே வந்துவிடும். அதன் பிறகு, அளவு கூடக் கூட மீட்டர் கூலி இறங்கும். ஸ்கிரீன்களின் மொத்தச் செலவை மீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். வருகிற எண்ணை அந்த டிசைன் ஆறு மாதத்தில் தாண்டும் என்றால் மாறிவிடலாம். பத்து நிறம், புகைப்படம் மாதிரி நெளிவு சுளிவு இருப்பவை டிஜிட்டலிலேயே இருக்கட்டும்.

வீணாவதைக் குறைப்பதும் லாபம்தான். துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் டிசைனின் ஒரு கட்டம் கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரியும். துணியை மூன்று மீட்டர் விரித்தால், பூக்களுக்கு இடையே விட்ட வெற்றிடம் சேர்ந்து வாய்க்கால் மாதிரி ஓடும். ஒன்றுவிட்டு ஒரு செங்குத்து வரிசையைப் பாதிக் கட்டம் கீழே இறக்கி வைத்தால், அதாவது ஹாஃப் டிராப் ரிபீட் போட்டால், அந்த வாய்க்கால் பெரும்பாலும் மறைந்துவிடும். நிறமும் அப்படித்தான், திரையில் பார்ப்பது ஒளி, துணியில் இருப்பது சாயம். கைக்குட்டை அளவு சாம்பிள் அடித்துத் துவைத்துப் பார்க்காமல் மொத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மெஷின் முதல் நாளிலிருந்தே தேய்மானம். டிசைன் அப்படி இல்லை. பின்லாந்தின் மாரிமெக்கோ நிறுவனத்துக்காக மைய்யா இசோலா 1964இல் வரைந்த 'உனிக்கோ' என்ற பெரிய பூ டிசைன் 60 வருடம் கழித்தும் விற்கிறது. உங்களுடையதும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் யாராவது டிசைனைக் கேட்டு வந்தால், ஒரே தொகைக்கு முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பொருளுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று வரம்பு வையுங்கள். ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, என்றால், சதவீதம் மொத்த விலையிலா சில்லறை விலையிலா என்று முதலில் கேளுங்கள். ஒரே 5 சதவீதம், இரண்டிலும் வேறு வேறு தொகை.

இப்போது 40 மீட்டருக்கு 38 வீதம் மாதம் உங்கள் கையில் நிற்பது 1,520. அதில் பாதியை, 760ஐ, தனிக் கணக்கில் போட்டு வந்தால், கடனாக வாங்க நினைத்த தொகை 20 மாதத்தில் சேர்ந்துவிடும். சேமிப்பில் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். விற்பனை தொடர்ந்து ஆறு மாதம் 150 மீட்டரில் நின்றால் மறுபடி எழுதுங்கள். அந்த அளவில், பராமரிப்பு போக மாதம் 2,250 மிஞ்சும், மெஷின் 14 மாதத்துக்குள் தன் விலையை எடுத்துவிடும். அப்போது என் பதில் வேறாக இருக்கும்.

அந்த நாள் வந்தால், உங்கள் டிசைனை உங்கள் துணியிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஐந்து முறை துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.