ஜி.எஸ்.ஐ. (இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை) நிலவியலாளரின் ஓர் ஆண்டு எப்படி இருக்கும்? வருடம் முழுக்கக் காடு மேடு என்று அலைய வேண்டுமா?

கேட்டவர் எம்.எஸ்ஸி. நிலவியல் படிக்கிறார். யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுத ஆசை, வீட்டில்தான் பயமுறுத்துகிறார்களாம். நான் அந்தத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன். சுருக்கமான பதில்: வருடம் முழுக்க இல்லை, பாதி வருடம். மீதிப் பாதி, அலைந்து பார்த்ததை எழுதுவதற்கு.

முதலில் ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். "புவியியல் துறை" என்று சொன்னால் நம் ஊரில் பள்ளிக்கூட ஜியாகரபி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மாமா இன்னும் என்னிடம் நாடுகளின் தலைநகரம் கேட்கிறார்.

களப்பருவம் பொதுவாக அக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கிளம்பலாம் என்ற கணக்கு அது. மத்தியப் பிரதேசத்துக்குச் சரியாக வரும். நமக்கு ஐப்பசியில்தானே அடைமழை? நாமக்கல் பக்கம் என் முதல் களப்பருவம் தொடங்கிய இரண்டு வாரமும் வாடகை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளைப் படித்ததுதான் வேலை.

அந்தப் படிப்பு வீண் போகவில்லை. ஜி.எஸ்.ஐ. 1851இல் தொடங்கியது. சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாறைகளைப் பற்றி வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் 1860களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபுட்தான். பாறை பார்க்கப் போன ஆள், காலடியில் கிடந்த கல்லையும் குனிந்து எடுத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு ஒதுக்கிய பகுதிக்குள் சித்தம்பூண்டி இருந்தது. அங்கே அனார்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறை, நடுநடுவே குரோமைட் என்ற குரோமியத் தாதுப் பட்டைகளோடு கிடக்கிறது. ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றைக்கும் தாண்டிப் போக முடியாது. நிலாவின் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் இதே வகைப் பாறை. சந்திரயான் 2 தரையிறங்கும் சோதனைக்கு நிலா மண் மாதிரி ஒன்றைச் செய்ய, சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்துப் பாறையைத்தான் இஸ்ரோ எடுத்துக்கொண்டது.

இவ்வளவு பேர் பார்த்த இடத்தை மறுபடி ஏன் பார்க்க வேண்டும்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடத் தாள் ஒன்று நம் பக்கம் ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். அந்த அளவில் நாட்டின் பெரும்பகுதியை எப்போதோ வரைந்தாயிற்று. இப்போது கனிமம் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை 1:25,000 அளவில் திரும்ப வரைகிறோம். அந்த அளவில், தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். பென்சில் கொஞ்சம் நழுவினால் போதும், ஒருவர் தோட்டம் முழுக்க வேறு பாறைக்குப் போய்விடும்.

அன்றாட வேலை இதுதான். காலை ஏழு மணிக்கு ஜீப் கிளம்பும். தார் ரோடு முடியும் இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். பாறை அடுக்குகள் கிழக்கு மேற்காக ஓடினால் நாம் வடக்கு தெற்காக நடப்போம், அப்போதுதான் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிப் பார்க்க முடியும். பாறை தலைகாட்டும் இடத்தில் எல்லாம் நின்று, சுத்தியலால் உடைத்து உள்பக்கத்தைப் பார்த்து, கைலென்ஸில் கனிமம் பார்த்து, பிரண்டன் காம்பஸில் ஸ்டிரைக் (அடுக்கு ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) எடுத்து, ஜி.பி.எஸ். எண்ணோடு நோட்டில் எழுத வேண்டும். தேவைப்பட்டால் துணிப்பையில் ஒரு துண்டு. மாலைக்குள் பை பத்துப் பதினைந்து கிலோ ஆகிவிடும். ஊரிலிருந்து கூலிக்கு வரும் அண்ணன் ஒருவர் அதைச் சுமப்பார். கல்லைச் சுமந்து சுமந்து, எது வேண்டாத கல் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காம்பஸை எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா சேலம் பக்கத்துக் கஞ்சமலைக்குப் போயிருந்தோம். அங்கே மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாதுப் பாறை பக்கத்தில் வைத்ததும் முள் தன் இஷ்டத்துக்குச் சுற்றியது.

ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, தங்கம் இருக்குதுங்களா?" இரண்டாவது, "போர் எங்க போட்டாத் தண்ணி வரும்?" மூன்றாவதைக் கேட்கமாட்டார்கள், முகத்தில் தெரியும்: நிலத்தை எடுக்க வந்திருக்கிறானோ? முதல் நாளே ஊராட்சித் தலைவரையும் வி.ஏ.ஓ.வையும் பார்த்து அடையாள அட்டையைக் காட்டிவிடுவது உத்தமம்.

பெயர்களையும் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். வெள்ளைக் குவார்ட்ஸ் அவர்களுக்கு வெங்கச்சங்கல், மைக்கா காக்காப்பொன், மண்ணுக்கடியில் வரும் சுண்ணாம்புக் கட்டி சுக்கான்கல். "காக்காப்பொன் எந்தப் பள்ளத்துல கிடக்குதுங்க?" என்று கேட்டால் அரை நாள் நடை மிச்சம்.

இனி என் தவறு. ஜனவரியில் வேலை பின்தங்கியிருந்தது. ஒரு பக்கம் அனார்த்தோசைட் கரடு, மறுபக்கம் ஹார்ன்பிளண்ட் நைஸ் என்ற வரியோடிய பாறை, நடுவில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மரவள்ளியும் தென்னந்தோப்பும். பாறையே கண்ணில் படவில்லை. செயற்கைக்கோள் படத்தில் ஒரு நிற மாற்றம் தெரிந்தது. அதை ஒட்டி, இரண்டு பாறைக்கும் எல்லையாக, அழகாக ஒரு முழுக்கோடு இழுத்துவிட்டேன். பார்க்கவும் நன்றாக இருந்தது.

பிப்ரவரியில் என் மூத்த அதிகாரி வந்தார். வரைபடத்தை விரித்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "ஏம்ப்பா, இந்தக் கோட்டு மேல எத்தனை இடத்துல நின்ன?" என்றார். இரண்டு இடம், சார். இரண்டு முனையிலும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஜீப்பில் ஏறினார். தென்னந்தோப்புக்குள் ஒரு கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பக்கத்துக் கிணறுகள் 60, 70 அடிக்குப் பாறையைக் குடைந்து வெட்டியவை, வெட்டிய கல் எல்லாம் மேட்டிலேயே கிடக்கும். நைஸ் என்று நான் வண்ணம் தீட்டியிருந்த இடத்தில், வெள்ளை வெளேரென்று கரும்புள்ளிகளோடு அனார்த்தோசைட் குவிந்து கிடந்தது. தோட்டத்து ஆத்தா இளநீர் வெட்டிக் கொடுத்து, "இந்தக் கல்லுக்கு ஆறு மாசம் வெடி வெச்சமுங்க" என்றார். என் காதில் சரியாக விழவில்லை.

அடுத்த நான்கு நாளும் பாறைக்குப் பதில் கிணறு கிணறாகப் போனேன். 23 கிணறு. கோடு ஓரிடத்தில் 300 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. கிணறும் இல்லாத, ஓடைக்கரையும் இல்லாத துண்டில் முழுக்கோட்டை அழித்துவிட்டு விட்டுவிட்ட கோடாகப் போட்டேன். முழுக்கோடு என்றால் கண்டது, விட்டுவிட்டுப் போட்டால் ஊகம். கல்லூரியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக எழுதியிருப்பீர்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் பதினோரு மணிக்குமேல் சுத்தியல் பிடியே சுடும். மாதம் முடியும்போது முகாமைக் கலைத்துவிட்டு அலுவலகம் திரும்பினோம். அப்புறம் ஏசி அறை. மாதிரிகள் வேதியியல் ஆய்வகத்துக்குப் போகும். சில கற்களை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவார்கள், அதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். களத்தில் நான் பெயர் வைத்த பாறைகளில் ஆறேழு அங்கே வேறு பெயருக்கு மாறின. பிறகு அறிக்கை, திருத்தம், மறுபடி திருத்தம். உண்மையில் எனக்குக் களத்தைவிட இதுதான் சலிப்பு. வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது என்பதால் வாய் திறப்பதில்லை.

குடும்பம் எப்படிச் சமாளிக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு மாதம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். முதல் பொங்கலுக்கு நான் வீட்டில் இல்லை. முகாம் வீட்டுக்கார அம்மா கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மதியம் களத்துக்குப் போனேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த பெண்களும் இதே முகாம், இதே நடைதான். அவர்களுக்குக் கழிப்பறை வசதியுள்ள முகாம் வீடு தேடுவதே ஒரு தனி வேலை, அதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

தேர்வுக்குப் பாடப்புத்தகம் போதும். களத்துக்கு ஷூ மட்டும் விலை பார்க்காமல் வாங்குங்கள். என்னுடையது பிப்ரவரியிலேயே அடி பிய்ந்துவிட்டது. அந்த 23 கிணற்றில் பாதியை பரமத்தி கடைவீதியில் வாங்கிய ரப்பர் செருப்போடுதான் பார்த்தேன்.