உப்பு விற்ற அப்பத்தா

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய புத்தகங்கள் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று பேத்தி காட்டிக்கொடுத்தாள். ஆறு மாதமாக அதுதான் பொழுது. 1868-ல் நெல்சன் எழுதிய மதுரைக் கையேடு, 1906-ல் பிரான்சிஸ் தொகுத்த கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) இரண்டையும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ராஜாக்கள் இருக்கிறார்கள், கலெக்டர்கள் இருக்கிறார்கள், மழை எத்தனை அங்குலம் என்றுகூட இருக்கிறது. என் அப்பத்தா 1920-களில் கூடையில் உப்பு சுமந்து ஊர் ஊராக விற்றவர். அவரைப் போல ஒருத்தரையும் காணோம். எனக்குத் தேடத் தெரியவில்லையா, இல்லை அவர்களெல்லாம் எதிலும் இல்லவே இல்லையா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

தேடுவதில் கொஞ்சம் பிசகு இருக்கிறது, அது சுலபமாகச் சரியாகிவிடும். நம் மதுரையை ஆங்கிலத்தில் அன்று எம், ஏ, டி, யு, ஆர், ஏ என்றுதான் எழுதினார்கள். கடைசியில் ஒரு ஐ சேர்த்துத் தேடினால் பாதித் தாள்கள் கண்ணிலேயே படாது. தமிழ்ப் புத்தகங்களில் வேறு வில்லங்கம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, றா எல்லாம் வேறு வடிவம். கணினி அவற்றை ஏதேதோவாகப் படித்து வைத்திருக்கும். தேடுபெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். உங்களுக்குத்தான் பொறுமை இருக்கிறதே.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை இரண்டு நாள் படுத்தியது.

1858-ன் தொடக்கத்தில் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் மதுரைக்கு வந்து படம் எடுத்தார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். நாயக்கர் மகால், தெப்பக்குளம், யானைமலை, இன்று நாம் விளக்குத்தூண் என்கிறோமே அது, எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் தளங்களில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கல்லில் உளி பட்ட இடம் வரை தெரியும். ஆனால் பெரும்பாலும் ஆள் அரவமே இல்லை. மதுரையில் ஆளில்லாத தெருவா! விஷயம் இதுதான்: அவர் பயன்படுத்திய மெழுகுத்தாள் நெகடிவில் காட்சி பதிய வெகுநேரம் பிடிக்கும். அசையாமல் நின்றது மட்டும்தான் விழும். கூடை சுமந்து அந்த வழியே ஒரு பெண் போயிருந்தால் படத்தில் ஒரு புகையாகக்கூட மிஞ்சியிருக்க மாட்டாள்.

சர்க்கார் தாள்களிலும் அதே கதை. சர்க்கார் யாரைப் பிடித்து நிறுத்தியதோ அவர்தான் பெயரோடு இருப்பார். நிலம் வைத்திருந்தால் தீர்வைக் கணக்கில். மானியம் அனுபவித்தால் இனாம் பதிவேட்டில். உங்கள் பக்கத்து உசிலம்பட்டிக் கிராமங்களில் ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், ஆண்களை வரிசையில் நிறுத்திக் கைரேகை வாங்கியது. அந்த ஊர்க்காரர்கள் தாத்தாவைத் தேடினால் கிடைக்கக்கூடிய இடம் போலீஸ் பதிவேடு. இன்னொரு வகையும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் முச்சலிக்கா என்கிற ஒப்பந்தச் சீட்டுகளையும் வீடு வீடாகத் தேடிப் படமெடுத்து, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத் திட்டமும் சேர்த்து வைத்திருக்கின்றன. அதில் நம்மைப் போன்ற சனங்கள் நிறையவே வருவார்கள், ஆனால் சண்டை போட்டவர்களாக. அப்பத்தா கோர்ட், போலீஸ், கடன் எதிலும் மாட்டாமல் நடந்தே காலத்தைக் கழித்துவிட்டார் போலிருக்கிறது. அவர் பெயர் கிடைக்காததை நான் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்வேன்.

சரி, ஆளைத் தேடுவதை விடுங்கள். உப்பைத் தேடுங்கள்.

உப்பு சர்க்காரின் பிடியில் இருந்த சரக்கு. அதனால் அதற்கு எழுதப்பட்ட காகிதத்துக்கு அளவே இல்லை. வருஷா வருஷம் உப்பு இலாகாவின் அறிக்கை உண்டு. 1923-ல் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 4 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக, அதாவது நேர் இரட்டிப்பாக ஏற்றினார்கள். (இது நம்மூர் மணங்கு இல்லை; ஏறக்குறைய 37 கிலோ கொண்ட சர்க்கார் மணங்கு.) டெல்லி சட்டசபை முடியாது என்றது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தை வைத்து நிறைவேற்றினார். மறு வருஷமே பழைய விகிதத்துக்கு இறக்கினார்கள். அந்தச் சபை விவாதங்கள் நாடாளுமன்ற மின்நூலகத்தில் இருக்கின்றன, படித்துப் பாருங்கள். ஏழை வீட்டு உப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்கள்.

அந்த ஒரு வருஷம் அப்பத்தா என்ன செய்திருப்பார்? கூடை அதே கூடை, கால் அதே கால். விலையை ஏற்றினால் கம்பங்கூழ் குடிக்கிற வீட்டில் யார் வாங்குவார்கள்? படியைத் தலைதட்டி அளந்திருப்பாரோ? இதற்கு எந்தத் தளத்திலும் பதில் கிடையாது. உங்களிடம் இருக்கலாம்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். அவர் காசுக்கு விற்றாரா, தவசத்துக்கா? தவசத்துக்கு என்றால் ஒரு படி உப்புக்கு எத்தனை படி கம்பு? உப்பு எங்கிருந்து வாங்கினார், தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதா, வண்டியில் வந்ததா? எந்தெந்த ஊர்களுக்குப் போனார், எந்தக் கிழமை எந்த ஊர்? தெருமுனையில் நின்று என்ன சொல்லிக் கூவினார்? உங்கள் அப்பா சொல்லக் கேட்டதாக இருந்தாலும் போதும். அப்புறம், அந்த உப்புப்படி வீட்டில் இன்னும் கிடக்கிறதா? கிடந்தால் பேத்தியை விட்டு அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்