பால் பல் சீக்கிரம் போய்விட்டால்: பெற்றோரின் கேள்விகளும் குழந்தைப் பல் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: மகளுக்கு 7 வயது. சொத்தையான கீழ்க் கடைவாய்ப் பால் பல்லைப் பிடுங்கி ஒரு வாரம் ஆகிறது. போன பல்லின் இடம் அடைபடாமல் காக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் கருவியைப் போடச் சொல்கிறார்கள். விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர், அவசியமா?

பதில்: அவசியம் அம்மா. முளைக்கும்தான், ஆனால் அந்த இடத்துக்குப் புதுப்பல் வர 10, 12 வயதாகிவிடும். 6 வயதிலேயே பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துவிடுகிறது. முன்னால் தடுக்கப் பல் இல்லையென்றால் அது மெல்லச் சாய்ந்து, நகர்ந்து, காலி இடத்தை அடைத்துக்கொள்ளும். வரவேண்டிய பல் ஈறுக்குள்ளேயே சிக்கும், இல்லாவிட்டால் கோணலாக வெளிவரும். முதல் ஆறு மாதத்தில்தான் இந்த நகர்வு அதிகம். அதனால் பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரேயில் புதுப்பல் வெளிவரும் நிலையில் இருந்தால் மட்டும் தேவைப்படாது.

கேள்வி: போடும்போது வலிக்குமா?

பதில்: வலிக்காது, பெரும்பாலும் ஊசியும் வேண்டியதில்லை. பின்பல்லைச் சுற்றி மெல்லிய ஸ்டீல் பட்டை. அதிலிருந்து கிளம்பும் கம்பி காலி இடத்தைத் தாண்டிப்போய் அதற்கு முன்னால் இருக்கும் பல்லைத் தொட்டு நிற்கும். ஒரு நாள் அளவு பார்த்து அச்சு எடுப்போம், அடுத்த முறை சிமென்ட் வைத்து ஒட்டுவோம். பட்டை இறங்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: 4 வயது மகன் விழுந்ததில் மேல் முன்பல் இரண்டும் போய்விட்டன. அவனுக்கும் போடவேண்டுமா?

பதில்: முன்பக்கம் பெரும்பாலும் இடம் அடைவதில்லை. வேர்த்துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 5 வயது. கடைசிப் பால் பல்லை எடுக்கவேண்டும் என்கிறார்கள். பின்னால் இன்னும் பல்லே முளைக்கவில்லையே?

பதில்: எடுப்பதற்கு முன், வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். சொந்தப் பல்லைப்போல இடத்தைக் காக்கும் கருவி எதுவும் இல்லை. முடியாதென்றால், ஈறுக்குள் சற்று இறங்கிப் பின்பல்லுக்கு வழிகாட்டும் வேறு வகை உண்டு. பையனுக்கு இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வகை அவனுக்கு ஆகாது.

கேள்வி: மாட்டியபின் என்ன கவனிக்கவேண்டும்?

பதில்: கமர்கட், பபிள்கம் வேண்டாம். பட்டை ஓரத்தில் பிரஷ் நன்றாகப் படவேண்டும். ஆடினால் உடனே வாருங்கள். சிமென்ட் விட்ட இடுக்கில் உணவு தங்கி நல்ல பல்லும் சொத்தையாகும், கழன்றால் பிள்ளை விழுங்கிவிடவும் கூடும். ஆடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். புதுப்பல் எட்டிப் பார்க்கும்போது நாங்களே கழற்றிவிடுவோம்.