அட்டையைத் திருப்பினால் குறி மாறும்

கேள்வி: பல்லுறுப்புக் கோவைகளைக் கூட்டும்போது என் மாணவர்கள் 3ம² + 2ம என்பதை 5ம³ என்று எழுதிவிடுகிறார்கள். கழிக்கும்போது, அடைப்புக்குறிக்குள் உள்ள முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விதியைப் பலமுறை சொல்லியும் பயனில்லை. அட்டைகளைக் கொண்டு இதை எப்படிக் கற்பிப்பது? (மாறியை ‘ம’ என்று குறித்துள்ளேன்.) – கணித ஆசிரியை ஒருவர்

பதில்: இந்த இரண்டு பிழைகளுக்கும் காரணம் வேறு வேறு. அட்டைகள் இரண்டுக்குமே உதவும் என்றாலும், கூட்டலைவிடக் கழித்தலுக்கே அவை அதிகம் தேவைப்படுகின்றன என்பது என் கருத்து.

மூன்று வகை அட்டைகள் போதும். பக்கம் 2 செ.மீ. உள்ள சிறு சதுரம் 1 என்ற எண்ணைக் குறிக்கும். அதே 2 செ.மீ. அகலமும் 5.3 செ.மீ. நீளமும் கொண்ட பட்டை ‘ம’ ஆகும். பக்கம் 5.3 செ.மீ. உள்ள பெரிய சதுரம் ம² ஆகும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு முகம் நீலமாகவும் மறுமுகம் சிவப்பாகவும் இருக்கட்டும். நீலம் கூட்டல் குறியையும் சிவப்பு கழித்தல் குறியையும் காட்டும். (பண்டைச் சீனத்தில் கணக்கிடும் குச்சிகளில் மிகை எண்ணுக்குச் சிவப்பும் குறை எண்ணுக்குக் கறுப்பும் வழங்கியதை 263ஆம் ஆண்டில் சீனக் கணித அறிஞர் லியு ஹுய் எழுதிய உரையில் காணலாம். ஆகவே எந்த நிறம் எதற்கு என்பது நம் வசதிதான். நடுவில் மாற்றாதிருந்தால் சரி.)

முதலில் மூன்று பெரிய சதுரங்களையும் இரண்டு பட்டைகளையும் மேசைமேல் வைத்து, “இவற்றை ஒரே உறுப்பாகச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். “ஐந்து” என்று தொடங்கும் மாணவர், “ஐந்து எது?” என்ற அடுத்த கேள்விக்குத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நீங்கள் குறுக்கிட்டு விதியைச் சொல்லிவிடாதீர்கள். வடிவம் ஒத்தவற்றையே சேர்த்து எண்ண முடியும் என்பதை அவரே சொல்லட்டும். இதற்காகச் சிலர் பழக்கூடை உவமையைச் சொல்வதுண்டு: மூன்று ஆப்பிள், இரண்டு ஆரஞ்சு என்று. அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் எழுத்து ஒரு பொருளின் பெயர் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், அது ஓர் எண்ணைக் குறிக்கிறது என்று பிறகு புரியவைப்பது கடினம்.

கூட்டல் இதன்பின் எளிது. (2ம² + 3ம − 4), (ம² − 5ம + 1) இரண்டையும் பரப்பி ஒன்றாகத் தள்ளினால், மூன்று பெரிய நீலச் சதுரங்களும், மூன்று நீலப் பட்டைகளும் ஐந்து சிவப்புப் பட்டைகளும், நான்கு சிவப்புச் சிறு சதுரங்களும் ஒரு நீலச் சிறு சதுரமும் இருக்கும். ஒரே வடிவத்தில் ஒரு நீலமும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் பூச்சிய இணை; அவற்றை எடுத்துவிடலாம். எஞ்சுவது 3ம² − 2ம − 3.

கழித்தலில் நிதானம் வேண்டும். (ம² + 2ம − 1) − (2ம² − ம + 3) என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோவையைப் பரப்பியபின் அதிலிருந்து இரண்டு பெரிய நீலச் சதுரங்களை எடுக்க வேண்டும், ஆனால் இருப்பதோ ஒன்றுதான். இங்கே ஒரு பூச்சிய இணையைச் சேர்த்தால் மதிப்பு மாறாது. இரண்டு நீலத்தையும் எடுத்துவிட, ஒரு சிவப்பு நிற்கும். அதேபோல் ஒரு சிவப்புப் பட்டையை எடுக்க ஒரு பட்டை இணையும், மூன்று நீலச் சிறு சதுரங்களை எடுக்க மூன்று சிறு சதுர இணைகளும் சேர்க்கப்படும். விடை −ம² + 3ம − 4. இப்படி இரண்டு மூன்று கணக்குகளைச் செய்து மாணவர்கள் சற்றுச் சலிப்படைந்த பிறகே, “கழிக்க வேண்டிய கோவையைத் தனியே பரப்பி, எல்லா அட்டைகளையும் திருப்பிக் கூட்டிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். விடை அதுவே வரும். சேர்த்த இணைகளில் எஞ்சிய அட்டைகள், திருப்பிய அட்டைகளுக்குச் சமம் என்பதைச் சில மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள். முதல் அட்டையை மட்டும் திருப்பிவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், விட்டது மேசையிலேயே கண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் அப்படித் தெரிவதில்லை.

கேள்வி: வீட்டில் நான் வெட்டிக் கொடுத்த பட்டையின்மேல் என் மகன் சிறு சதுரங்களை அடுக்கி, “ம என்றால் 3” என்கிறான். எங்கே தவறினேன்? – ஒரு தாய்

பதில்: பட்டையின் நீளம் சிறு சதுரப் பக்கத்தின் சரியான மடங்காக அமைந்துவிட்டது. மேலே 6 செ.மீ. என்று சொல்லாமல் 5.3 செ.மீ. என்றது இதற்காகத்தான், இரண்டு சதுரம் வைத்தால் குறையும், மூன்று வைத்தால் மிஞ்சும். உங்கள் மகன் அளந்து பார்த்தது நல்ல பழக்கம். அவனைத் திருத்தாமல் பட்டையை மாற்றுங்கள். கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: சிவப்புப் பட்டை −ம என்பதைக் குறிக்கிறதே தவிர, அது எப்போதும் குறை எண் என்று பொருளில்லை. ம = −3 எனில் அந்தச் சிவப்புப் பட்டையின் மதிப்பு 3.

கேள்வி: எத்தனை நாள் அட்டைகளோடு இருப்பது? – பயிற்சி ஆசிரியர்

பதில்: நாள் கணக்கு வேண்டாம். ஒவ்வோர் அசைவுக்கும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதவைத்தால், மாணவர் அட்டையைத் தொடாமல் எழுதத் தொடங்கும் நேரம் தானே வரும். இடையில் அட்டைகளுக்குப் பதில் படம் வரைவதும் நல்ல படி. ம³ வந்தால் கனசதுரம் வேண்டும், கெழு (மாறிக்கு முன் நிற்கும் எண்) பின்னமானால் அட்டையை வெட்ட வேண்டும். அதற்குமுன் அட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள். அதன்பின் விடையைச் சரிபார்க்க மாறிக்கு ஓர் எண்ணை இடும் பழக்கம் போதும். மேலே சொன்ன கழித்தலில் ம = 2 எனில், முதல் கோவை 7, இரண்டாவது 9, வேறுபாடு −2; சரியான விடையும் −2 தரும். முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றியவருக்கு −ம² + ம + 2 கிடைக்கும், அதன் மதிப்பு 0.