விரைப் புற்றுநோய் வெள்ளையர்களுக்குத்தான் அதிகம் வருகிறதாமே, பிறகு கறுப்பினத்தவர்களுக்கு ஏன் மோசமாக முடிகிறது?

முதலில் கேள்வியைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்வோம். ஒரு லட்சம் ஆண்களில் எத்தனை பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று பார்த்தால் அமெரிக்கக் கறுப்பினத்தவர் முன்னணியில் இல்லை. நோய் வந்தவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் பின்தங்குகிறார்கள். வருவதற்கான காரணம் வேறு, பிழைப்பதற்கான காரணம் வேறு.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 9,700 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் 15 முதல் 44 வயதுக்குள். லட்சம் ஆண்களில் வெள்ளையர் ஏறக்குறைய 7 பேர், ஆசிய வம்சாவளியினர் 2 பேர், கறுப்பினத்தவர் அதற்கும் கீழே. லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்களிடம் எண்ணிக்கை வேகமாக ஏறி வெள்ளையரை நெருங்குகிறது. டென்மார்க், நார்வேயில் 10 பேர் அளவில். இந்தியாவில் ஒருவர்கூடத் தேறாது.

இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 12ஆம் குரோமோசோமில் உள்ள கே.ஐ.டி.எல்.ஜி. என்ற மரபணுவின் ஒரு வடிவம் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஐரோப்பியரிடம் இந்த வடிவம் மிகச் சாதாரணம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. ஆனால் எல்லாவற்றையும் மரபணு தலையில் கட்டிவிட முடியாது. டென்மார்க்குக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களிடம் நோய் குறைவாகவே இருந்தது. அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் உள்ளூர்க்காரர்களின் அளவை நெருங்கியது. ஆக, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் சூழல் ஏதோ வேலை செய்கிறது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் மகன்களை வளர்க்கும் ஈழத்தமிழர்கள் "நம்ம ஆக்களுக்கு இது வராது" என்று இருந்துவிட வேண்டாம். நியூசிலாந்து இன்னொரு வகை: அங்கே மாவோரி ஆண்களுக்கு ஐரோப்பிய வம்சாவளியினரைவிட அதிகம். வெள்ளைத் தோலின் நோய் என்ற எளிய விளக்கம் அங்கே உடைந்துபோகிறது.

இனி பிழைப்பது. 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துச் சிகிச்சை தொடங்கும்வரை, பரவிய விரைப் புற்று என்றால் பெரும்பாலும் மரணம்தான். இன்று விரைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் ஐந்தாண்டு பிழைப்பு 99 சதவீதம். நுரையீரல் போன்ற தூர இடங்களுக்குப் போன பிறகு 75 சதவீதத்தை ஒட்டி. கறுப்பின ஆண்களில் கூடுதலானோர் பரவிய நிலையில்தான் வந்து சேர்கிறார்கள். இடைவெளியின் பெரும்பகுதி இதுதான். காப்பீடு இல்லாத இளைஞன் கட்டியோடு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவான். 2010இல் வந்த அமெரிக்கச் சட்டம் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் தொடர வழி செய்தது. பெற்றோருக்கே காப்பீடு இல்லாவிட்டால் அதில் பயனில்லை. ஒரே கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களை மட்டும் ஒப்பிட்டாலும் சிறு வித்தியாசம் மிஞ்சுகிறது. அதற்குச் சிகிச்சைத் தரத்தில் உள்ள குறை காரணமாக இருக்கலாம். உடம்பின் மேல் மட்டும் பழி போட முடியாது.

அரிதான நோய்க்கு இன்னொரு தண்டனையும் உண்டு: டாக்டருக்கே சந்தேகம் எழாது. வலியில்லாத, பட்டாணி அளவுக் கட்டி. தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் மருந்தை மாற்றிப் பார்க்காமல் விதைப்பைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டி என்று தெரிந்தால் அறுவைக்கு முன்பே ரத்தத்தில் புற்றின் அளவைக் காட்டும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று குறியீடுகளையும் பார்க்க வேண்டும். ஏ.எஃப்.பி. உயர்ந்திருந்தால், அறுவைக்குப் பிறகு அது ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் எங்கோ புற்று மிச்சம் இருக்கலாம். முதல் அளவே இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

பெரிய தவறு நடக்கும் இடம் இன்னொன்று. விரையை எடுப்பது தொடையிடுக்கில் கீறித்தான். விதைப்பையில் கத்தியோ ஊசியோ படக்கூடாது. விரையின் நிணநீர் நேராக வயிற்றின் பின்பக்கம், பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்குப் போகிறது. விதைப்பைத் தோலின் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களுக்கு. பையைக் கீறினால் புற்றுக்கு இரண்டாவது பாதை திறக்கும்.

கீமோ தேவைப்பட்டால் வழக்கமாக பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் சேர்ந்த பி.இ.பி.; 21 நாளுக்கு ஒரு சுற்று, பரவலைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு. வெள்ளணு குறைந்தது என்று தேதியை இஷ்டத்துக்குத் தள்ளினால் குணமாகும் வாய்ப்பு குறையும். முதல் சுற்றுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவிட வேண்டும்.

விரை இறங்காமல் பிறந்த குழந்தைக்கு 18 மாதத்துக்குள் இறக்கிப் பொருத்துவது நல்லது. ஸ்வீடனில் 2007இல் வந்த ஆய்வில் 13 வயதுக்கு முன் அறுவை செய்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, பிறகு செய்தவர்களுக்கு ஐந்து மடங்கு.

நம் ஊரில் விதைப்பை வீங்கினால் விரையைச் சுற்றி நீர் கோர்க்கும் ஹைட்ரோசீல்தான் முதலில் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அதுதான். ஆனால் சூழ்ந்த நீர் உள்ளே இருக்கும் கட்டியைக் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அதனால் இளவயதுக்காரருக்கு ஹைட்ரோசீல் ஆபரேஷன் என்றால், பையைத் திறப்பதற்கு முன் ஒரு ஸ்கேன்.