கண்காட்சிக்கு முன் பழைய காருக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: பெரியப்பாவிடமிருந்து 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 கார் என் கைக்கு வந்திருக்கிறது. சாம்பல் நிறம், பெரும்பாலும் ஆதிப் பெயின்ட். ஆங்காங்கே மங்கியிருக்கிறது, ஒரு கதவில் சிராய்ப்பும் உண்டு. ஓராண்டாக ஷெட்டிலேயே நிற்கிறது. எங்கள் பகுதிப் பழைய கார் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். பருவத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு கண்காட்சி நடத்துகிறார்கள். முதலாவதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் முழுக்கப் பெயின்ட் அடித்து, குரோம் பூசிக் கொண்டுபோகலாமா? எஞ்சினை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுகிறேன், அது போதுமா?

பதில்: பெயின்ட் அடிக்காதீர்கள். இந்த ஆறு வாரத்தில் நீங்கள் எடுக்கக்கூடிய மிகத் தவறான முடிவு அதுதான். அந்தப் பணத்தையும் நேரத்தையும் பிரேக், முன்சக்கரங்கள், பெட்ரோல் குழாய்கள் ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடும் பழக்கத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயின்ட். ஒரு காருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப் பெயின்ட் அடிக்கலாம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒருமுறைதான் கிடைக்கும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தில், புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பதற்கே முன்னுரிமை தருகிறது. அமெரிக்காவின் பழைய கார் கிளப்பான ஏஏசிஏ 1935இல் தொடங்கியது. அங்கே நடுவர்கள் 400 புள்ளியில் ஆரம்பித்து, விற்பனைக்கு வந்த நாளில் அந்தக் கார் இருந்த நிலையிலிருந்து எங்கெல்லாம் விலகியிருக்கிறதோ அங்கெல்லாம் கழித்துக்கொண்டே போவார்கள். அன்றைக்கு இல்லாத பளபளப்புக்குக் கூடுதல் புள்ளி எதுவும் கிடையாது. அவசரத்தில் அடித்த பெயின்ட் ரப்பர் பட்டையின் ஓரத்திலும் கதவுக் கீலிலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பல கிளப்புகளில் ஆதிநிலையில் இருக்கும் கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். உங்கள் கார் சேர வேண்டிய இடம் அது. உங்கள் கிளப்பிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள்.

நுழைவுப் படிவத்தில் ஒரு விஷயம். பழையது எல்லாமே விண்டேஜ் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். பொதுவான கணக்கில் 1919 முதல் 1930 வரையிலான கார்களே விண்டேஜ். உங்களுடையது கிளாசிக் பிரிவில் வரும். வயதுத் தகுதியில் சிக்கல் இருக்காது. ஃபீவா கேட்பது 30 ஆண்டு, ஏஏசிஏ கேட்பது 25. உங்கள் கிளப்பின் விதி எதுவானாலும் 1958 மாடல் அதைத் தாண்டிவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். வண்டி நிற்கும் என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்னால் அதை ஓடவைக்காதீர்கள். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் பானெட்டுக்குள் இருக்காது; ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே காரின் அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் உள்ள மூடியைக் கழற்றினால்தான் பிரேக் ஆயில் அளவைப் பார்க்க முடியும். கண்ணில் படாத இடம் என்பதாலேயே பல மைனர்களில் அதை ஆண்டுக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், சிலிண்டருக்குள் துருவும் பிடிக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது.

பிறகு பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது என்று பொருள். சக்கரங்களுக்குள் பிரேக்கை மூடியிருக்கும் நான்கு டிரம்களையும் கழற்றிச் சக்கரச் சிலிண்டர்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்மின் உட்புறத்தில் உரசும் பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே வேண்டாம். நனைத்துத் துடைத்து எடுங்கள். வளையும் ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குழாயைத்தான். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத குழாய்களை மாற்றிவிடுவதே சரி. இந்த இடத்தில் மட்டும் ஆதிநிலை என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது முன்சக்கரங்கள். மைனருக்கென்றே உள்ள ஒரு பலவீனம் இது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் காலின் இரு முனையிலும் மரை போட்ட ட்ரனியன் என்ற துண்டு இருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்துவிட்டால் கால் அதிலிருந்து கழன்று, சக்கரம் உடம்புக்கு அடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் மெல்லப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும் நேரத்தில் நடக்கும். கண்காட்சித் திடலில் வண்டியை நிறுத்த வளைப்பது சரியாக அந்த மாதிரித் தருணம்தான். சுற்றிலும் ஆட்கள் வேறு நிற்பார்கள். ஜாக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இந்தக் காரை அறிந்த மெக்கானிக் பார்க்கும்வரை சாலைக்கு எடுக்காதீர்கள். ஆட்டம் இல்லையென்றால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனைகளான நிப்பிள் எல்லாவற்றிலும் புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். பாரம் இறங்கியிருந்தால்தான் கிரீஸ் தேய்மான இடத்துக்குள் போகும். இனி 1,000 மைலுக்கு ஒருமுறை இதைச் செய்து வந்தால் அந்தப் பயமே வேண்டாம்.

டயரைப் பொறுத்தவரை பட்டன் ஆழம் உங்களை ஏமாற்றும். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டைத் தாண்டியிருந்தாலோ பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள்.

எஞ்சினுக்கு இப்போதுதான் முறை. பத்து நிமிட ஓட்டத்தை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்றால், அந்த நேரத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி புகைக்குழாயிலும் எஞ்சின் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடுகிறது. குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஆயில் பாழாகும். சாலையில் எடுத்துப்போய் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், அல்லது தொடாமல் விட்டுவிடுங்கள்.

தொட்டியில் இருக்கும் ஓராண்டுப் பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களையும் அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் வெளித்தோற்றத்தில் பழையவை மாதிரியே கிடைக்கின்றன. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டினால் அந்தக் காருக்கு அடுத்த கண்காட்சியே இருக்காது. ஆகவே இதை ஒத்திப்போடாதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் எஸ்யூ மின்சாரப் பெட்ரோல் பம்பு டக் டக் என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தொட்டி காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. சத்தமே இல்லையென்றால் நெடுநாள் நின்றதில் அதன் பாயின்ட், அதாவது மின்சாரம் தொட்டு விடும் முனை, கறுத்துப்போயிருக்கும். மெல்லத் தட்டினால் பல நேரங்களில் உயிர் வந்துவிடும். ஆனால் தட்டித் தட்டி ஓட்டுவது நிரந்தரத் தீர்வு ஆகாது. பாயின்டைத் துடைத்துச் சரிசெய்யுங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். கார்புரேட்டரின் மேல் குமிழுக்குள் சிறிதளவு ஆயில் இருக்க வேண்டும். அதை மறந்தால் முடுக்கும்போது வண்டி திணறும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். ஈயமில்லாப் பெட்ரோலால் வால்வு இருக்கை தேயும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். நீண்ட தூரம் வேகமாக ஓட்டுபவர்களின் கவலை அது. எஞ்சின் தலையை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி பற்றிய ஒரு செய்தியைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள். உங்கள் காரில் 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கிறது. இன்றைய கார்களில் எதிர்முனை. கண்காட்சித் திடலில் வண்டி கிளம்பாவிட்டால் உதவ நல்ல மனத்தோடு பத்துப் பேர் கேபிளோடு வருவார்கள். அவர்களில் ஒருவர் வழக்கமான பழக்கத்தில் இணைத்தால் தீப்பொறி பறக்கும். கேபிளைச் சரியாக மாட்டியிருந்தாலும் இரண்டு கார்களின் பம்பர்கள் தொட்டுக்கொண்டால் அதே ஆபத்துதான். பேட்டரி மேல் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

இத்தனையும் முடிந்த பின் முதலில் வீட்டு வளாகத்துக்குள் ஓட்டுங்கள். பிறகு அக்கம்பக்கத்தில் சில கிலோமீட்டர். திரும்பி வந்ததும் நான்கு டிரம்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் விடவில்லை. கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னதாக, போகவர ஆகும் தூரத்தை ஒரே மூச்சில் ஓட்டிவிடுங்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓட்டம் தெரிந்திருக்கும். 1896இல் நடந்த முதல் ஓட்டத்தின் நினைவாக 1927 முதல் நடந்துவருவது. 1905க்கு முன் செய்த கார்கள்தான் அதில் ஓட முடியும். அது பந்தயம் இல்லை. நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கின் மிக நல்ல மரபு அதுதான் என்று நான் நினைக்கிறேன். ட்ரெய்லரில் வந்து இறங்கும் பளபளப்பான காரைவிட, தானே ஓடி வந்து நிற்கும் மங்கலான காருக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

கழுவுவதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டாம்; வாளியும் மென்துணியும் போதும். அந்தக் காலப் பெயின்டின் மேல் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு கிடையாது. பாலிஷ் போட்டால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டும். நீங்கள் துடைத்தெடுப்பது பெயின்டையேதான். மறைவான ஓரிடத்தில் சோதித்த பின் மிக மென்மையான பாலிஷ் ஒரே ஒரு முறை, பிறகு மெழுகு. மெஷின் பஃபிங் வேண்டவே வேண்டாம். விளிம்புகளில் ஆதிப் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், நொடியில் இரும்பு தெரிந்துவிடும். கதவுச் சிராய்ப்பை அப்படியே விட்டு மெழுகு பூசுங்கள். குரோமிலும் இதே பொறுமைதான்: மெல்லிய துருப்புள்ளிகளை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாலே பாதி போய்விடும். மறுபூச்சு இப்போது தேவையில்லை.

உங்கள் காரில் இன்னும் கைகாட்டி சிக்னல் இருக்கும். கதவுத் தூணிலிருந்து சிறு கை போல வெளியே நீளுவது. மைனரில் 1961 வரை அதுதான். அது வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தூக்கிக் காட்டினால் குழந்தைகள் உங்கள் காரை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் சாலையில் இன்றைய ஓட்டுநர்களுக்கு அது கண்ணில் படாது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், துளையிடாமல் பொருத்தக்கூடிய, தேவைப்பட்டால் கழற்றிவிடக்கூடிய மினுக்கு விளக்குகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் துளை போட வேண்டிய எந்தச் சேர்க்கையையும் மறுத்துவிடுங்கள்.

கண்காட்சி நாளில் தீயணைப்பான் கட்டாயம் காருக்குள் இருக்கட்டும். பல கிளப்புகளில் அது விதியும்கூட. எஞ்சினுக்குக் கீழே ஆயில் சொட்டும் தட்டு ஒன்று வையுங்கள். திடலைத் தரும் உரிமையாளர் அடுத்த ஆண்டும் தர வேண்டுமே. வாசலில் வரிசை நீண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு நகரும்போது தள்ளிக்கொண்டு போங்கள். வெயிலில் நின்றபடி ஓடினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். கூட்டம் கலையும் முன் கிளம்ப வேண்டாம். நடப்பவர்களுக்கு நடுவே டிரம் பிரேக் காரை ஓட்டுவது ஆபத்து. காருக்குப் பக்கத்தில் ஒரு பலகை: ஆண்டு, 948 சிசி எஞ்சின், யாரிடம் இருந்தது, எது ஆதியானது, எது மாற்றியது. மாற்றியதை மறைக்காதீர்கள். பெரியப்பா வைத்திருந்த ரசீதுகள், கையேடு, காரோடு எடுத்த படம் ஏதாவது இருந்தால் நகலெடுத்து வையுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். அனுபவமுள்ள உறுப்பினர்கள் குறை சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக்கை நம்பலாம் என்ற செய்திகள் அந்தப் பேச்சில்தான் வரும். கிளப்பில் சேர்வதன் பெரிய பலன் கோப்பையைவிட அதுதான்.

பருவ முடிவுக் கண்காட்சி முடிந்து காரை மறுபடி ஷெட்டில் விடும்போது ஆயிலை அப்போதே மாற்றுங்கள். அழுக்கு ஆயிலின் அமிலம் மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறக் கூடாது. பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேர்த்துத் தொட்டியை நிரப்பிவையுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் வேண்டாம். குளிரே இல்லாத ஊரானாலும் துருத் தடுப்புக்காகக் கூலன்ட் தேவை. பேட்டரியில் உடம்போடு சேர்ந்த கேபிளை முதலில் கழற்றுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். காற்றுப் புகும் துணி உறையைப் போர்த்துங்கள். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.