எட்டு வயதுப் பாப்பாவை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக் குழுவில் சேர்க்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம். மகளுக்கு எட்டு வயது, தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு நாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள், உயிரையே விடுகிறாள். தேங்காய் காயப்போடும் களத்தில் எந்நேரமும் கையால் நடக்கிறாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு அகாடமியில் போட்டிக் குழுவுக்கு எடுத்திருக்கிறார்கள். வாரம் ஆறு நாள், தினம் மூன்றரை மணி நேரம். இந்த வயதில் சேர்க்காவிட்டால் அப்புறம் பிரயோஜனமே இல்லை என்கிறார் கோச். உயரம் நின்றுவிடும், வயதுக்கு வருவது தள்ளிப்போகும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தச் சர்க்கஸ் என்கிறார் மாமியார். அவருக்கு (கணவருக்கு) சேர்க்க ஆசை, களரிக்கே ஏழு வயதில் விடுகிறார்களே என்கிறார். என்ன செய்யட்டும்? பின்குறிப்பு: வலது மணிக்கட்டு அவ்வப்போது வலிக்கிறது என்கிறாள், முறிவெண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடுகிறது.

பதில்:

அம்மா, நீங்கள் பின்குறிப்பாகப் போட்டதில் இருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். உயரம், வயதுக்கு வருவது, சர்க்கஸ் எல்லாவற்றுக்கும் வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் அந்த மணிக்கட்டு.

எட்டு வயதுக் குழந்தையின் எலும்பு முழுசாக எலும்பு ஆகியிருக்காது. நுனிகளில் குருத்தெலும்பாக ஒரு மெல்லிய தட்டு இருக்கும், எலும்பு நீளுவதே அந்த இடத்தில்தான், வளர்ச்சித் தட்டு என்போம். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற எலும்பின் மணிக்கட்டு முனையில் அப்படி ஒன்று இருக்கிறது. கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும்போது உடம்பின் கனம் பெரும்பாலும் அந்த எலும்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும், ஓடிவந்து கரணம் போட்டுக் கை ஊன்றினால் உடம்பு எடையைவிடக் கூடுதலாகவே இறங்கும். கால் அதற்கென்றே படைக்கப்பட்டது, கை அப்படி இல்லை. நாள் தவறாமல் இடித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தட்டு நோகும், அகலும், கவனிக்காமலே விட்டால் சீக்கிரமே மூடிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடவும் கூடும், அப்போது பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்து மணிக்கட்டு கோணிக்கொள்ளும். ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்று இதற்குப் பெயரே உண்டு, அவ்வளவு சாதாரணமாக வருவது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஓய்விலேயே சரியாகிவிடும்.

முறிவெண்ணெய் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நம் வீடுகளில் அது இல்லாமல் எப்படி. தேய்த்துவிட்டால் இதமாக இருக்கும்தான், ஆனால் மறுநாள் அதே கையை ஊன்றினால் உள்ளே அதே இடம் மறுபடி இடிபடுகிறது. எண்ணெயால் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் நினைப்பது, பெரும்பாலும் வகுப்பு இல்லாத ஐந்து நாள் ஓய்வில் சரியாவதுதான். வாரம் ஆறு நாள் என்றால் அந்த ஓய்வு எங்கே?

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், வலிக்காத கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தட்டு இருக்கும் இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் அப்போதும் ஓய்வுதான், சில சமயம் எம்ஆர்ஐ தேவைப்படும். தட்டு நொந்திருந்தால் குறைந்தது ஆறு வாரம், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம், கை ஊன்றுகிற எதுவும் கூடாது, பாரில் தொங்குவதும் வேண்டாம். காலுக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகளைச் செய்யலாம், ஸ்ப்ளிட் (காலை அகல விரித்துத் தரையில் உட்காருவது) செய்யலாம், நடனம் செய்யலாம். நல்ல கோச் என்றால் அந்த ஆறு வாரமும் குழந்தையைச் சும்மா உட்காரவைக்க மாட்டார், செய்யக் கொடுக்க அவரிடம் வேறு வேலை இருக்கும்.

சரி, உயரம். சொந்தக்காரர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. 2013-ல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் அறிவியல் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் நிபுணர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியால் பெரியவர்களான பிறகான உயரம் குறைகிறது என்று அவர்களால் காட்ட முடியவில்லை. டிவியில் பார்க்கிறவர்கள் எல்லாம் குள்ளமாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் சித்தூர்ப் பக்கம் கள் இறக்குகிறவர்களைப் பாருங்கள், யாராவது நூறு கிலோ இருக்கிறார்களா? மரம் ஏறி ஏறியா அப்படி ஆனார்கள், கனத்த ஆள் அந்த வேலைக்கே வருவதில்லை. அதே கதைதான் இங்கேயும். குட்டையான உடம்புக்குச் சுழல்வது சுலபம், அவர்கள் நிலைக்கிறார்கள், உயரமானவர்கள் வழியிலேயே வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் சாப்பாட்டைக் குறைத்தால் அது வேறு விஷயம். உழைப்புக்கு ஏற்ற சோறு உள்ளே போகாவிட்டால் வளர்ச்சியும் தடைப்படும், மாதவிலக்கும் தள்ளிப்போகும், எலும்பும் பலவீனமாகும். பயிற்சி எடுக்கும் பெண்கள் மற்றவர்களைவிட ஒன்று இரண்டு வருடம் பிந்தி வயதுக்கு வருவது உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். பதின்மூன்று முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, பதினைந்து முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால் காட்ட வேண்டும். எட்டு வயதுக் குழந்தையை வாராவாரம் எல்லார் முன்னாலும் எடை பார்ப்பது, ‘வெயிட் குறை’ என்பது, இதெல்லாம் நடக்கிற இடமாக இருந்தால் மறுபேச்சில்லாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த வயதில் நாளுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று கணக்கு. இரண்டு டம்ளர் பால், ஒரு வேளை கேழ்வரகுக் களியோ புட்டோ, கொஞ்சம் தயிர், கீரை, இவ்வளவிலேயே ஏறக்குறைய வந்துவிடும். பயிற்சிக்குக் கிளம்பும்முன் முட்டையும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்புங்கள், பஸ்ஸில் சாப்பிட பாக்கெட் சிப்ஸ் வேண்டாம்.

இனி கோச் சொன்னதற்கு வருகிறேன். பாதி சரி. உடம்பு வளைவது, சமநிலை, தலைகீழாக இருக்கும்போது எது மேல் எது கீழ் என்று உடம்புக்குத் தெரிவது, இவற்றுக்கு ஆறிலிருந்து பத்து வயது நல்ல காலம்தான், பதினாலில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அது கஷ்டம். ஆனால் உங்கள் மகள் ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று. இப்போது முடிவு செய்ய வேண்டியது, வாரம் இரண்டு நாள் வகுப்பிலிருந்து வாரம் இருபத்தொரு மணி நேரத்துக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டுமா என்பது மட்டும். சீனியர் பெண்கள் சர்வதேசப் போட்டிக்கு அந்த வருடத்துக்குள் 16 வயது ஆக வேண்டும் என்று 1997 முதல் விதி. தீபா கர்மாகர் ஆறு வயதில் அகர்தலாவில் ஆரம்பித்தார், அதுவும் தட்டைப் பாதத்தோடு. ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட் (ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாண்டுவது) இறுதியில் நாலாவதாக வந்தது 2016-ல், 23 வயதில். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம் வாங்கும்போது அவருக்கு 27. உஸ்பெகிஸ்தானின் சுசோவிதினா 46 வயதில் டோக்கியோவில் வால்ட் தாண்டினார், அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்ஸ். எட்டு வயதில் விட்டால் எல்லாம் போச்சு என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

குழந்தை மருத்துவர்கள் நாங்கள் வைத்திருக்கும் ஒரு சுலபக் கணக்கு: குழந்தைக்கு எத்தனை வயதோ வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகி இருப்பது, அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸில் இதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். எட்டு மணி என்பது பத்தானால் நான் சண்டைக்கு வர மாட்டேன். இருபத்தொன்று ரொம்ப அதிகம்.

தூக்கத்தையும் பாருங்கள். பள்ளி விட்டு வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர ஐந்து மணி, பயிற்சி முடிய எட்டரை, திரும்பி வீடு வர ஒன்பதே முக்காலாவது ஆகும், சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை, காலையில் ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம். இந்த வயதுக்கு ஒன்பதாவது வேண்டும், பத்து இருந்தால் நல்லது. தூக்கம் குறைந்த குழந்தைக்குத்தான் அடிபடுகிறது. வீட்டுப்பாடத்தை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

உங்கள் கணவரின் களரிக் கேள்வி நியாயமானது. ஏழு வயதில் சேர்ப்பது பழைய வழக்கம்தான், ஆனால் நின்று, தாழ்ந்து, காலைத் தூக்கி வீசி என்று மெதுவாக உடம்பைப் பழக்குவதில் தொடங்குவார்கள், முதல் வருடமே நாளுக்கு நூறு முறை கையில் எடையை இறக்கச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மாமியாரை மட்டும் யாரும் எடுத்தெறிந்து பேசிவிட வேண்டாம். அவர் தலைமுறைக்குச் சர்க்கஸ் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். இதே கேரளத்தில் தலசேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி நடத்தினார், களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றுக்கொடுத்த ஆசான் அவர், அருமையான கலைஞர்கள் அங்கிருந்து வந்தார்கள். அப்புறம் சர்க்கஸ்களில் குழந்தைகள் படும் பாடு நீதிமன்றம் வரை போய், 2011-ல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளை அங்கே வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொன்னது. அந்தக் குழந்தைகளால் வலிக்கிறது என்றோ வீட்டுக்குப் போகிறேன் என்றோ சொல்ல முடியவில்லை. பாட்டியின் பயம் இதுதான் என்றால் அது சரியான பயம். அகாடமியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சில வருடம் முன்பு பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துவந்தார்கள், ஜிம்னாஸ்டிக்ஸில் நல்ல திறமைசாலி. பின்னால் வளையும்போது இடுப்பில் வலி, நாலு மாதமாக. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கோச்சிடம் மறைத்தாள், கட்டிய பணம் வீணாகும் என்று அப்பாவிடம் மறைத்தாள். ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பின் பின்பக்கத்தில் விரிசல். மூன்று மாதத்துக்கும் மேல் எல்லாம் நிறுத்த வேண்டிவந்தது. முதல் வாரமே வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அவள் என் முன்னால் உட்கார்ந்து முதலில் சொன்னது, ‘அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்.’ அது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே அகாடமிக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் போய் உட்காருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. ஒரு குழந்தை வலிக்கிறது என்றால் கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள், நிறுத்தி அந்த இடத்தைப் பார்க்கிறாரா, ‘சும்மா நடிக்காதே’ என்கிறாரா. ஸ்ப்ளிட்டுக்கு அழ அழத் தோளில் உட்கார்ந்து அமுக்குகிறார்களா என்று பாருங்கள், அப்படி அமுக்கித் தசை கிழிந்து வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். தரையில் மெத்தை போதுமா, பீம் (மேலே நடந்து சமநிலை காட்டும் கட்டை) முதலில் தாழ்வாக இருக்கிறதா (போட்டி பீம் 125 சென்டிமீட்டர் உயரம், அகலம் வெறும் 10), பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, இதெல்லாம் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, இதை ஒரு மருத்துவராக நான் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவரே சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் பல வருடம் பாலியல் கொடுமை செய்து, 2018-ல் 40 முதல் 175 வருடம் வரை தண்டனை பெற்றான். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வந்து பேசினார்கள். அதனால் கோச்சோ பிசியோவோ நானோ, யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைத் தனியாகத் தொட வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. பயிற்சியில் தாங்கிப் பிடிக்கும்போது எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று பாப்பாவுக்குப் பெயர் சொல்லியே சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

என் யோசனை இது. இப்போது போகிற வகுப்பையே வாரம் மூன்று நாளாக்குங்கள், அதுவும் மணிக்கட்டு சரியான பிறகு. அல்லது அதற்குப் பதிலாகக் கோயம்புத்தூர் அகாடமியிடம் வாரம் மூன்று நாள் மட்டும் வர முடியுமா என்று கேட்டுப்பாருங்கள், ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அவளே கேட்டால், வலி இல்லாமல் இருந்தால், உயரமும் எடையும் அவள் வளர்ச்சி வரைகோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால், அப்போது நாலு நாளாக்கலாம். நடுவில் நீச்சலோ ஓட்டமோ எதையாவது விளையாடட்டும். அந்த அகாடமி ஆறு நாள் இல்லையென்றால் இடம் இல்லை என்றால், இடம் போகட்டும்.

ஒரு நாள் சாயங்காலம் நீங்கள் மட்டும், அப்பாவும் பாட்டியும் இல்லாதபோது, அவளிடம் கேளுங்கள்: கை எப்போதெல்லாம் வலிக்கிறது, எதைச் செய்தால் வலிக்கிறது, கோச்சிடம் சொன்னாயா, சொன்னதற்கு அவர் என்ன சொன்னார்? அவள் சொல்வதை அப்படியே எழுதி, எக்ஸ்ரேயும் எடுத்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை களத்தில் கையால் நடக்கவும் விடாதீர்கள், கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.